குடல்வால் வெடித்த பிள்ளைக்கு எந்த மருந்து?

மகனுக்கு ஏழு வயது. தொப்புளைச் சுற்றி நோகுது என்றான், பின்னேரம் சத்தி எடுத்தான். கோயில் பொங்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாமியார் ஓமத்தண்ணி கொடுத்தார். அடுத்த நாள் நோ வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, இரவு திடீரென்று குறைந்தது. அந்தக் குறைவுதான் ஆபத்தாம். வீங்கிய குடல்வால் வெடித்ததும் உள்ளழுத்தம் போய் நோ சற்று அடங்கும், பிறகு காய்ச்சல் ஏறி வயிறு இறுகும். இவனுக்கும் அப்படியே நடந்தது.

1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம். 2018 இல் அந்த அம்புலன்ஸ் வடக்குக்கு வந்தது, இல்லையென்றால் புதுக்குடியிருப்பில் அந்த நேரத்தில் வாகனத்துக்கு எங்கே போவது? கிட்டடி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். பரந்தன் றோட்டில் ஏறமுதலே கையில் கனுலா போட்டு, நிறை பார்த்து, முதல் அன்டிபயோட்டிக்கை ஏற்றிவிட்டார்கள். ஒப்பரேசன் வரைக்கும் அதற்குக் காத்திருக்கக் கூடாதாம்.

வெடித்த குடல்வாலை எடுத்து, வயிற்றுக்குள் இருந்த சீழை உறிஞ்சி, அதில் கொஞ்சத்தை, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ஏறிக்கொண்டிருந்தது செப்ட்ரியக்சோனும் மெட்ரோனிடசோலும். நான் பெயர்களைப் படம் எடுத்து கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு அனுப்பினேன். வன்னியில் யாருக்கு வருத்தம் வந்தாலும் வெளிநாட்டில் ஒரு ஆலோசனைக் கூட்டம் நடக்கும்தானே. அண்ணா உடனே எடுத்தார்: “இஞ்சை பிப்பரசிலின்–டாசோபக்டாம் எண்டு ஒண்டு குடுக்கிறவை. அதுதான் கூடின மருந்து. கேட்டுப் பார், காசு பிரச்சினையில்லை.”

வார்ட்டில் இருந்த இளம் டொக்டரிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

“அம்மா, கூடின மருந்து, குறைஞ்ச மருந்து எண்டு இல்லை. எந்தக் கிருமிக்கு எது எண்டுதான் பாக்கிறது. குடலுக்குள்ளை ஒட்சிசனோடை வாழுற ஈ-கோலை மாதிரிக் கிருமியளும் இருக்கு, ஒட்சிசன் இல்லாமல் வாழுற பக்டீரொயிட்ஸ் மாதிரிக் கிருமியளும் இருக்கு. முதல் வகைக்கு செப்ட்ரியக்சோன், மற்றதுக்கு மெட்ரோனிடசோல். அண்ணா சொல்லுற மருந்து தனிய இரண்டையும் பாக்கும், சூடோமோனாஸ் எண்ட இன்னொரு கிருமியையும் பிடிக்கும். எல்லாப் பிள்ளைக்கும் முதலே அதைக் குடுத்தா, உண்மையாத் தேவைப்படுற நேரம் கிருமி அதுக்கும் பழகிப்போயிடும்.”

இவனுக்கு ஏறிய இரண்டு மருந்தையும் அண்ணா சொன்னதையும் ஒப்பிட்ட ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லையாம். அதனால் ஆஸ்பத்திரிகள் தங்கள் இடத்துக் கல்ச்சர் முடிவுகளையும் பார்த்தே தொடங்குகின்றன. முன்னர் அம்பிசிலின், ஜென்டமைசின், மெட்ரோனிடசோல் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்களாம். ஜென்டமைசின் சிறுநீரகத்தையும் காதையும் தாக்கலாம் என்பதால் கவனம் தேவை. பெனிசிலின் ஒவ்வாமை இருக்கிறதா என்று எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டதன் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அண்ணா சொன்ன பிப்பரசிலினும் பெனிசிலின் குடும்பம்தான்.

பிள்ளை கஞ்சி குடிக்கத் தொடங்கினான், ஆனால் பின்னேரக் காய்ச்சல் விடவில்லை. திரும்ப ஸ்கான் எடுத்தார்கள். இடுப்பெலும்புக் குழிக்குள் சின்னதாய் ஒரு சீழ்த்தேக்கம். ஊசி விட்டு எடுக்கும் அளவில்லை. அதே நேரம் கல்ச்சரும் வந்தது: ஈ-கோலையோடு சூடோமோனாஸ். செப்ட்ரியக்சோன் அதற்குச் சரிவராது. பிப்பரசிலின்–டாசோபக்டாமுக்கு மாற்றினார்கள். “நான் அப்பவே சொன்னனான்” என்று அண்ணா போனில் வெற்றிக்கொடி பிடித்தார். அவர் சொன்னது ஊகம், டொக்டர் மாற்றியது கல்ச்சரையும் ஸ்கானையும் கையில் வைத்துக்கொண்டு. பெயர் ஒன்றாய் வந்துவிட்டது, அவ்வளவுதான். இதற்கும் அடங்காவிட்டால் மெரோபெனம் இருக்கிறது, அதை இப்போதைக்குத் தொடவேண்டாம் என்று பெரிய டொக்டர் சொன்னதும் காதில் விழுந்தது.

காய்ச்சல் இறங்கியது. இனி ஊசியிலிருந்து குளிசைக்கு மாற்றி வீட்டை விடலாம் என்றார்கள். எத்தனை நாளைக்கு ஊசி என்பதிலும் கருத்து மாறிக்கொண்டிருக்கிறதாம். 2023 இல் வந்த நெதர்லாந்து ஆய்வில், சிக்கலான குடல்வாலுக்கு ஒப்பரேசன் செய்தபின் 2 நாள் ஊசி 5 நாள் ஊசியைவிடப் பலனில் குறைந்ததாக இருக்கவில்லை. ஆனால் அது 8 வயதிலிருந்து மேலே உள்ளவர்களுக்கு. இவனோ ஏழு வயது, சீழும் திரும்பக் கட்டியவன், அந்தக் கணக்குக்குள் வரமாட்டான்.

வீட்டுக்குத் தந்தது சிப்ரோபுளொக்சசினும் மெட்ரோனிடசோலும். முதலாவதை மூட்டுகளை நினைத்துப் பிள்ளைகளுக்கு இலேசில் எழுதமாட்டார்கள். சூடோமோனாசுக்கு வாயால் கொடுக்க வேறு நல்ல வழி இல்லாததால் எழுதினார்கள். அதைப் பாலோடும் தயிரோடும் கொடுக்கக்கூடாது, கல்சியம் மருந்தை உடம்பில் சேரவிடாது. மாமியாரின் எருமைத்தயிருக்கு மருந்து முடியும்வரை தடை. மெட்ரோனிடசோல் வாயில் இரும்புக் கசப்பு, ஒவ்வொரு முறையும் ஒரு போராட்டம். துண்டுச்சீட்டில் இன்னொன்றும் எழுதியிருந்தார்கள்: காய்ச்சல் திரும்பினாலோ, வயிறு நொந்தாலோ, அடிக்கடி மலம் வருவதுபோல் முட்டிக்கொண்டு சளியாய்ப் போனாலோ, கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் வரவும். கடைசியாகச் சொன்னது, உள்ளே சீழ் திரும்பக் கட்டுவதன் அடையாளமாக இருக்கலாமாம்.