மஞ்சள் கரை மேலேயா, கீழேயா?

கடந்த ஒக்டோபரில் ஓர் அரை மரதன் ஓடினேன். 21.1 கிலோமீற்றர். பதக்கத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு, வாழைப்பழம் தின்றபடி நின்றபோது, இனி இந்தக் கால்களை யாராலும் நிறுத்த முடியாது என்ற நினைப்பு. அதற்குப் பிறகு நான்கரை மாதங்கள், பஸ் புறப்படப் போவது கண்ணுக்குத் தெரிந்தாலும் நடந்துதான் போனேன்.

குளிர் என்று சொல்லித் தப்பலாம். டிசம்பரில் இங்கே, கனடாவின் ரொறன்ரோ நகரத்துக் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், மாலை 4:45க்கெல்லாம் சூரியன் போய்விடும். நான் வேலை முடித்து வெளியே வரும்போது நள்ளிரவு போல இருக்கும். நடைபாதையில் தூவும் உப்பு சப்பாத்தில் வெள்ளைக் கோடுகளாகக் காய்ந்து கிடக்கும். ஆனால் முந்தைய குளிர்காலத்தில் இதே இருட்டிலும் இதே உப்பிலும்தானே ஓடினேன்? அப்போது முன்னால் ஒரு பந்தயம் இருந்தது. அது முடிந்ததும் கலியாண வீட்டில் பந்தல் பிரித்த மறுநாள் போல ஆகிவிட்டது. கைப்பேசியில் இருந்த ஓட்டச் செயலி முதலில் வாரம் ஒரு முறை விசாரித்தது, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விசாரித்தது, ஜனவரியில் கைவிட்டுவிட்டது. அதன்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது அப்போதுதான்.

அந்த மாதங்களில் நான் சும்மா இருக்கவில்லை. லினோ செதுக்கினேன்.

லினோ என்றால் பழைய வீடுகளின் தரையில் ஒட்டுவார்களே, அந்த லினோலியம்தான். ஆளிவிதை எண்ணெயோடு தக்கைத் தூளைக் கலந்து சணல் துணியில் படியவைத்துச் செய்வது. 1860களில் ஃபிரடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் தரைக்கென்று உண்டாக்கியதை, பின்னால் வந்த ஓவியர்கள் அச்சுக்கட்டை ஆக்கிக்கொண்டார்கள். வேண்டாத இடத்தைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். மிஞ்சிய மேட்டில் மை ஒட்டும். தாளை வைத்துத் தேய்த்தால் படம். அச்சு இயந்திரம் எதுவும் என்னிடம் இல்லை. அம்மா ஊரிலிருந்து கொடுத்துவிட்ட சிரட்டை அகப்பையின் முதுகால் தேய்க்கிறேன். அந்த வளைவு இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

குளிரில் லினோ விறைத்துவிடும், உளி வழுக்கும். சுடுதண்ணீர்ப் பையின்மேல் பத்து நிமிடம் வைத்தால் வெண்ணெய் போல வெட்டுப்படும். என் இடது பெருவிரலில் உள்ள தழும்பு, இதை நான் தெரிந்துகொள்வதற்கு முந்தையது. மையைக் கண்ணாடியில் உருளையால் உருட்டும்போது, அளவு சரியாக இருந்தால் மெல்லிய ‘ஸ்ஸ்’ என்ற ஓசை எழும். கூடிப்போனால் சப்புக்கொட்டுவது போலக் கேட்கும். ஒரு சனிக்கிழமை முழுவதும் அந்த ‘ஸ்ஸ்’சுக்காக உட்கார்ந்திருக்கிறேன். மரதன் பயிற்சியில் எனக்கு இந்தச் சுகம் கிடைத்ததில்லை. அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தைப்பொங்கலுக்கு உறவினர்களுக்கு வாழ்த்து அட்டை அச்சிட்டேன். முப்பது அட்டைகள், நல்ல சிவப்பு மை. ‘பொங்கல்’ என்று நேராகச் செதுக்கினால் தாளில் அது கண்ணாடியில் பார்த்தது போலத் தலைமாறி விழும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மகிழ்ச்சியில் மறந்துவிட்டேன். ‘ப’ மட்டும் தப்பியது, அதற்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். மற்ற எழுத்துகளெல்லாம் திரும்பி நின்று முதுகைக் காட்டின. பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கும் மாமி அட்டையைக் குளியலறைக் கண்ணாடி முன் பிடித்து வாசித்துவிட்டு, ‘புதுமையாகச் செய்திருக்கிறாய் பிள்ளை’ என்று தொலைபேசியில் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

மார்ச் தொடக்கத்தில் ஒரு பறவையைச் செதுக்க ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் ரெட்-விங்ட் பிளாக்பேர்ட் என்பார்கள். உடம்பெல்லாம் கறுப்பு, தோளில் மட்டும் சிவப்புப் பட்டை, அந்தச் சிவப்புக்கு மஞ்சளில் ஒரு கரை. மார்ச்சில் பனி கரைந்து முடிவதற்குள்ளேயே ஆண் பறவைகள் வந்துவிடும். சதுப்பில் போன வருடத்துச் சம்புத் தண்டுகள் காய்ந்து நிற்கும் அல்லவா, அவற்றில் ஆளுக்கொரு தண்டைப் பிடித்துக்கொண்டு, துருப்பிடித்த இரும்புப் படலையைத் திறப்பது போல ஓர் ஒலி எழுப்பும். அதுதான் பாட்டு. அது கேட்டால்தான் எனக்கு இந்த ஊரில் இளவேனில். நாட்காட்டியை நான் நம்புவதில்லை. 2018இல் சித்திரைப் புத்தாண்டு அன்று உறைமழை கொட்டிய ஊர் இது.

மூன்று கட்டைகள் வேண்டும்: கறுப்புக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. கறுப்புக் கட்டையில் தோளை நெருங்கியபோது கை நின்றுவிட்டது. மஞ்சள் கரை சிவப்புக்கு மேலேயா, கீழேயா? எத்தனை வருடமாகப் பார்த்த பறவை. நினைவு இரண்டையும் சரி என்றது. லினோவில் செதுக்கி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

‘இணையத்தில் பாருங்கள்’ என்றாள் மகள். பார்த்தேன். சில படங்களில் அகலமான சிவப்பு, கீழே மெல்லிய மஞ்சள். சிலவற்றில் சிவப்பே இல்லை, வெறும் மஞ்சள் கீற்று. இரண்டும் ஒரே பறவையா, வயது வேறுபாடா என்று குழம்பிப்போனேன்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு, கோடைகால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்னே தள்ளினோம். திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் இருந்தது. லோரன்ஸ் அவனியூ கிழக்கே போய் ஏரியில் முடியும் இடத்தில் ரூஜ் ஆற்றின் சதுப்பு இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஏரிக்கரைப் பாதையால் போனால் 2.5 கிலோமீற்றர். காரை எடுத்துக்கொண்டு இவர் வெளியே போயிருந்தார். நடந்தால் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். ஆகவே ஓடினேன்.

ஓடினேன் என்று எழுதுவது பெருமைக்கு. முதல் கிலோமீற்றர் முடிவதற்குள் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன. வலப்பக்கம் ஒன்ராறியோ ஏரி, இடப்பக்கம் ரயில் பாதை. ‘கோ’ என்ற புறநகர் ரயில் ஒன்று வேலை முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. சன்னலோரத்தில் இருந்தவர்கள் என் வேகத்தைப் பார்த்திருப்பார்கள். ஆனாலும் நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர மனதில் வேறு கணக்கு இல்லை.

சதுப்பில் ஒன்று இருந்தது. கூனிக்கொண்டு, தோளில் மஞ்சள் கீற்று மட்டும் தெரிய. காத்திருந்தேன். திடீரென்று உடம்பை முன்னால் சாய்த்து, சிறகை விரித்து, படலையைத் திறந்தது. அந்த நொடியில் தோள் முழுவதும் சிவப்பாகப் பொங்கியது, கரை கீழே. பாட்டு முடிந்ததும் சிவப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டது. கறுப்பு இறகுகள் சிவப்பை மூடிவிட, கீழ்க்கரை மட்டும் வெளியே தெரிகிறது. இரண்டு படங்களும் ஒரே பறவைதான். சேலையை மடித்து வைத்தால் கரை மட்டும் தெரிவதில்லையா?

திரும்பி வரும்போது பாதியை நடந்தேன். மறுநாள் படியிறங்கக் கைப்பிடி தேவைப்பட்டது. வியாழக்கிழமை மறுபடி போனேன், அலகு எவ்வளவு திறக்கிறது என்று பார்ப்பதற்கு. ஞாயிறு, கால் விரல்கள் சம்புத் தண்டை எப்படிப் பற்றுகின்றன என்று பார்ப்பதற்கு.

இந்த முறையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. சட்டைப்பையில் உள்ளங்கை அளவு கொப்பியும் பென்சிலும் வைத்திருப்பேன். குமிழ்முனைப் பேனா குளிரில் இறுகி எழுதாது. ஓடி வியர்த்த உடம்போடு ஏரிக்காற்றில் மூன்று நிமிடத்துக்குமேல் நின்றால் நடுக்கம் பிடிக்கும். அதற்குள் கிறுக்கிவிட்டு ஓட வேண்டும். வீட்டில் மேசையில் அரை மணிநேரம் அழித்து அழித்து வரைந்ததைவிட அந்த மூன்று நிமிடக் கோடுகள் உயிரோடு இருந்தன. கால்களுக்கும் நன்மைதான்: ஐந்து கிலோமீற்றரை ஒரே மூச்சில் ஓடச் சொன்னால் முறைக்கும் கால்கள், நடுவில் மூன்று தரிப்பு வைத்தால் வந்துவிடுகின்றன. போன வருடம் நான் பின்பற்றிய பயிற்சி அட்டவணையில், எங்கேயாவது நின்று எதையாவது பார் என்று ஒரு வரிகூட இல்லை.

ஏப்ரலில் ஓடைக்கரையில் இலை வருவதற்கு முன்பே பூத்துவிடும் மஞ்சள் கோல்ட்ஸ்ஃபூட். மே தொடக்கத்தில் காட்டு நிழலில் மூன்று வெள்ளை இதழ் விரித்த டிரில்லியம், இந்த மாகாணத்தின் பூ. அதைப் பறிக்க மனம் வராது, வரையத்தான் வரும். அதற்காக ரூஜ் காட்டுப்பாதை ஏற்றத்தில் ஏறினேன். வீட்டுக்கு வந்து வரைபடத்தில் அளந்தால் போய் வந்தது ஒன்பது கிலோமீற்றர்.

பறவைப் படம் அச்சாகிவிட்டது. பன்னிரண்டு பிரதிகளில் நான்கு தேறும். மற்றவற்றில் மஞ்சள் சற்று விலகி, கரை கிழிந்த சேலை போலத் தொங்குகிறது.

இப்போது மே கடைசி. சம்புக்குள் கூடு கட்டியாகிவிட்டது. அதனால் நான் குளிரில் நின்று வரைந்த அதே பறவை, அல்லது அதன் அண்ணன், பாதையோரக் கம்பத்தில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கிறது. ஓடுகிறவர்களை அதற்கு ஆகாது. முதுகைக் காட்டியவுடன் பின்னாலிருந்து பாய்ந்து உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டும். இரண்டு தடவை வாங்கிவிட்டேன். இவருடைய பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு போகிறேன். கம்பத்திலிருந்து ரயில் பாலம் வரை கிட்டத்தட்ட 200 மீற்றர். ஒக்டோபர் பந்தயத்தின் கடைசி 200 மீற்றரைக்கூட நான் இவ்வளவு வேகமாக ஓடவில்லை. சிறகை முழுதாக விரித்து, சிவப்பும் மஞ்சளும் தெரிய மேலிருந்து இறங்கும் அந்தக் கோலத்தை வரைய வேண்டும். அதற்கு ஒரு கணமாவது நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். இன்னும் துணிவு வரவில்லை.