ஈயம் கொடுத்த மலை, தண்ணீர் கொடுத்த ஏரி

லாஸ் ஏஞ்சலஸ் என்றதும் எல்லோரும் சினிமாவைத்தான் சொல்வார்கள். செரோ கோர்டோ என்ற பழைய சுரங்க ஊர்ப் பக்கம் போய்வந்த பிறகு எனக்கு லாஸ் ஏஞ்சலஸ் ஈயத்தில் கொழுத்த ஊராகத்தான் தெரிகிறது.

கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கு மேலே, இன்யோ மலையில் சுமார் 8,500 அடி உயரத்தில் இருக்கிறது செரோ கோர்டோ. கீழே கீலர் என்ற சிற்றூரிலிருந்து செங்குத்தான மண் சாலை, ஓரத்தை எட்டிப் பார்க்காமல் ஓட்டுவது நல்லது. 1860களில் எல்லோரும் வெள்ளிக்காகத்தான் ஏறினார்கள். மார்ட்டிமர் பெல்ஷா என்பவருக்கு மட்டும் கணக்கு தெரிந்திருந்தது: வெள்ளித் தாதுவை உருக்கிப் பிரிக்க ஈயம் வேண்டும், நல்ல ஈயத் தாது யூனியன் சுரங்கத்தில் இருக்கிறது, அப்படியென்றால் அதில் பங்கு வாங்கிவிட்டால் மற்றவர்கள் தன்னிடம்தானே வர வேண்டும்! அத்தோடு விட்டாரா, மலைக்குச் சாலையும் போட்டு அதில் ஏறி இறங்குகிறவர்களிடம் சுங்கமும் வசூலித்தார். கில்லாடி.

வெள்ளி கலந்த ஈயப் பாளங்கள் கோவேறு கழுதை வண்டிகளில் பாலைவனம் தாண்டி 200 மைலுக்கு மேல் போய் லாஸ் ஏஞ்சலஸ் சேரும். கழுதைகளுக்குத் தீவனம், தொழிலாளிகளுக்குச் சாப்பாடு, எல்லாம் அங்கிருந்துதான் திரும்பி வரும். அப்போது சின்ன ஊராக இருந்த அதற்கு இது பெரிய வியாபாரம். ஒரு கட்டத்தில் உலைகள் வார்த்த வேகத்துக்கு வண்டிகளால் ஈடுகொடுக்க முடியாமல், கீழே பள்ளத்தாக்கில் இருந்த ஓவன்ஸ் ஏரிக்கரையில் பாளங்கள் மலைபோலத் தேங்கின, அவற்றையே செங்கல் மாதிரி அடுக்கிக் குடிசை கட்டித் தங்கினார்களாம். பாளங்களை அக்கரை சேர்க்க 1872இல் பெஸ்ஸி பிரேடி என்ற நீராவிப் படகே ஓடியது, பாலைவனத்தில்!

1870களின் கடைசியில் வெள்ளி அடங்கியது. அப்புறம் 1911 வாக்கில் லூயிஸ் கார்டன் என்பவர் வந்து, முன்னாடி இருந்தவர்கள் கண்டுகொள்ளாமல் விட்ட துத்தநாகத் தாதுவைத் தோண்டினார். அதுவும் சில பத்தாண்டுகள் ஓடி நின்றது.

ஆனால் எனக்கு ஆறாதது ஏரி விஷயம்தான். 1913இல் லாஸ் ஏஞ்சலஸ் கால்வாய் வெட்டி ஓவன்ஸ் ஆற்றைத் திருப்பிக்கொண்டு போனது. 1920களிலேயே ஏரி காய்ந்துவிட்டது. படகு ஓடிய இடத்தில் உப்புப் புழுதி கிளம்பி, கீழே இருக்கிற சனங்கள் மூச்சு விடத் திணறினார்கள். வழக்கு, உத்தரவு என்று இழுத்து, கடைசியில் அந்தப் புழுதியை அடக்க நகரமே இதுவரை நூறு கோடி டாலர்களுக்கு மேல் கொட்டியிருக்கிறது. அதில் ஒரு வழி, ஏரிப் படுகையில் மறுபடி தண்ணீர் விடுவது. சரி, முதலிலேயே கொஞ்சம் விட்டுவைத்திருக்கலாமே?

2018இல் பிரென்ட் அண்டர்வுட் என்பவர் கூட்டாளிகளோடு செரோ கோர்டோ ஊரையே வாங்கினார். 1871இல் கட்டிய அங்கிருந்த ஹோட்டல் 2020இல் எரிந்துபோனது. போகிறவர்கள் கீழே லோன் பைன் ஊரிலேயே தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள், மேலே வெறும் மலைதான்.