கல்லறைகளில் படிக்கும் சீனம்

சீன மொழியின் வழியே சீனச் சமூகங்களை அறிய விரும்புவோர் பாடநூலை முடித்த கையோடு சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன் இடுகாட்டுக்குச் செல்ல வேண்டும் என்பேன். 1922 முதல் 1973 வரை இயங்கிய அந்த இடத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் சமாதிகள் அமைந்தன. புலம்பெயர்ந்த ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த ஆவணங்களாகவே அவற்றைக் கருதுகிறேன்.

கல்லின் நடுவே இறந்தவரின் பெயர் மேலிருந்து கீழாகப் பொறிக்கப்பட்டிருக்க, அதற்கு மேலே பூர்வீக ஊர் இடம்பெறுகிறது. தோங்ஆன், ஹாய்செங் என்று அங்கே காண்பவை ஃபூஜியன் மாநிலத்து வட்டாரப் பெயர்கள். மலாயாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அந்த ஊரே அடையாளமாக நின்றது. ஒரு பக்கத்தில் உள்ள தேதி அரசியலைச் சொல்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் வாழ்ந்து இறந்தவரின் கல்லில் 'குடியரசு 20ஆம் ஆண்டு' என்றிருந்தால் அது 1931. சீனக் குடியரசு பிறந்த 1912ஐ முதலாண்டாகக் கொண்ட கணக்கு அது. ஜப்பானியர் ஆண்ட காலத்துக் கற்கள் சிலவற்றிலோ அவர்களது பேரரசின் ஆண்டுக்கணக்கே உள்ளது. அதன்படி 1942 என்பது 2602. மறுபக்கத்தில் சிறிய எழுத்துகளில் மகன்கள், பேரன்களின் பெயர்கள் வரும். ஒரே தலைமுறையினரின் பெயர்களில் ஓர் எழுத்து பொதுவாக அமைவதால், யார் யாருக்கு என்ன உறவு என்பதை அந்நியரும் ஓரளவு கணித்துவிடலாம்.

கல் சொல்லாதது, அப்பெயர்கள் எந்த மொழியில் ஒலித்தன என்பதுதான். ஹொக்கியன், தியோச்சு, கான்டனீஸ் பேசியவர்கள் அதே எழுத்துகளைத் தத்தம் முறையில் வாசித்தனர். சிங்கப்பூர் 1969இலிருந்து படிப்படியாக எளிமையாக்கப்பட்ட எழுத்துகளுக்கு மாறியது. 1979இல், சீனர்களுக்குப் பொதுமொழியாக மாண்டரினை முன்வைத்த 'மாண்டரின் பேசுவோம்' இயக்கம் தொடங்கியது. வெவ்வேறு வட்டார மொழிகளைப் பேசிய சீனர்களை அது இணைத்தது உண்மையே. ஆனால், தாத்தாவின் கல்லைத் தாத்தாவின் மொழியில் வாசிக்கும் திறன் பல குடும்பங்களில் அற்றுப்போனதைப் பேரிழப்பாகவே எண்ணுகிறேன். கற்களில் உள்ள, எளிமையாக்கப்படாத மரபெழுத்தை இன்றும் கற்பிக்கும் தைவானிலிருந்தோ ஹாங்காங்கிலிருந்தோ வரும் மாணவருக்கு இக்கற்கள் அவ்வளவு கடினமாக இரா.

2011இல் அறிவிக்கப்பட்ட நெடுஞ்சாலைக்காக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சமாதிகள் தோண்டியெடுக்கப்பட்டன. அதற்கு முன் ஆய்வாளர்கள் அவற்றைப் பதிவுசெய்தது பெரும் பணி. எஞ்சியவற்றைப் படிக்க விரும்புவோர் மரபெழுத்தில் எண்களையும் உறவுப்பெயர்களையும் முதலில் பழகிக்கொள்ளலாம். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் நாளையொட்டிக் குடும்பங்கள் சமாதிகளைத் துப்புரவு செய்ய வருகின்றன. அப்போது சென்றால், கல்லிலுள்ள பெயரைத் தம் வீட்டு மொழியில் எப்படிச் சொல்வார்கள் என்று பெரியவர்களிடமே கேட்டறியலாம்.