முதல் ரிப்போர்ட்டில் நார்மல் என்றுதான் வந்தது

பிறந்த பிள்ளைக்கு லேசாக மஞ்சள் தட்டுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்றார்கள் பெரியவர்கள். என் மகனுக்குப் போகவில்லை. முகத்தில் தொடங்கிய மஞ்சள் உள்ளங்கால் வரை இறங்கி, பால் குடிக்கக்கூட எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தான். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியபோது, ரத்தத்தில் மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் 20-ஐத் தாண்டியிருந்தது. கண்ணைக் கட்டி நீல லைட்டுக்குக் கீழே போட்டார்கள். இதற்கு மேல் ஏறினால் மூளையைத் தாக்கும், லைட்டில் இறங்காவிட்டால் ரத்தத்தையே மாற்ற வேண்டிவரும் என்றார். நல்லவேளையாக லைட்டிலேயே இறங்கியது.

எனக்கும் அவனுக்கும் ஒரே ரத்த வகை, அதனால் தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தம் ஒத்துப்போகாமல் வந்த மஞ்சளோ என்ற சந்தேகம் இல்லை. ஆனால் ஹீமோகுளோபினும் குறைந்திருந்தது, ரத்த அணுக்கள் உடைகின்றன என்றார் டாக்டர். பிறகு வரிசையாகக் கேள்விகள். நாட்டு மருந்து ஏதாவது புகட்டினீர்களா? மருதாணி வைத்தீர்களா? துணியில் பாச்சா உருண்டை போட்டு வைத்திருந்தீர்களா? அம்மா என்னைப் பார்த்தாள். பிள்ளைக்குச் சுற்றியதெல்லாம் டிரங்குப் பெட்டியில் பாச்சா உருண்டையோடு கிடந்த பழைய பருத்திப் புடவைகள். அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலின் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் ஜி6பிடி என்ற பெயரைக் கேட்டோம். சிவப்பணு நாப்தலின் போன்றவற்றால் சிதையாமல் காக்கிற ஒரு நொதி அது. மற்ற செல்களுக்கு அந்தப் பாதுகாப்புக்கு வேறு வழிகளும் உண்டு, சிவப்பணுவுக்கு இதை விட்டால் கதியில்லை. உலகத்தில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்த நொதிக் குறைபாடு இருக்கிறதாம். பெரும்பாலோர் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிடுகிறார்கள்.

பரிசோதனை எடுத்தோம். நார்மல். எல்லோரும் பெருமூச்சு விட்டோம், டாக்டர் மட்டும் நம்பவில்லை. இந்த நொதி வயதான அணுக்களில்தான் மிகவும் குறைவாக இருக்கும். அவைதான் முதலில் உடையும். உடைந்தவற்றுக்கு ஈடாக உடம்பு அவசரமாகப் புது அணுக்களை இறக்கும், அவற்றில் நொதி ஓரளவு இருக்கும். இந்த நேரத்தில் சோதித்தால் குறையே இல்லாத மாதிரி தெரியும், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள் என்றார். நார்மல் என்று வந்த பிறகு எதற்கு மறுபடி குத்த வேண்டும் என்று வீட்டில் ஒரே சண்டை. ரத்தம் ஏற்றிய பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்தான், கொடுத்தவருடைய அணுக்கள்தான் சோதனையில் பேசும். நான் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். இந்த முறை தெளிவாகக் குறைபாடு என்று வந்தது.

அன்று இரவே நெட்டில் தேடி, தவிர்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியலைப் பார்த்தேன். அதை நம்பினால் பிள்ளைக்குத் தண்ணீர் மட்டும்தான் கொடுக்க முடியும்! டாக்டர் எழுதித் தந்த சீட்டு கையகலம்தான்: பிரைமாகுயின், டாப்சோன், நைட்ரோஃபுரான்டாயின், மெத்திலீன் புளூ, ரஸ்புரிகேஸ் ஆகிய மருந்துகள், நாப்தலின், மருதாணி, ஃபாவா பீன்ஸ். வழக்கமான அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம், தடுப்பூசிகளும் போடலாம். நம்மூர் மொச்சையும் அவரையும் ஃபாவா இல்லை, வேறு செடி, அவற்றுக்குத் தடை இல்லை. என் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். அங்கே காலைச் சாப்பாட்டுக்குக் கிடைக்கும் ஃபூல்தான் அந்த ஃபாவா, அதனால் ஊருக்கு வரும்போது வாங்கிவரும் நொறுக்குத் தீனி பாக்கெட்டைப் படித்துப் பார்த்துத்தான் பிரிக்கிறோம். தாய்ப்பால் கொடுத்தவரை எனக்கும் அதே சீட்டுதான். காய்ச்சலோ கிருமித் தொற்றோ கூட அணுக்களை உடைக்கலாம் என்பதால், காய்ச்சல் வந்தால் சிறுநீரின் நிறத்தைக் கவனிப்பேன்.

"சொந்தத்தில் கட்டினீங்க, அதான்" என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் கட்டியது அத்தை மகனைத்தான். ஆனால் இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு அது அம்மாவிடமிருந்துதான் வரும், அப்பா யாராக இருந்தாலும் மாறியிருக்காது. அண்ணன் அப்போதுதான் ஒன்றைச் சொன்னான். சென்னையில் மேன்ஷனில் இருந்தபோது மலேரியா வந்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறான். இரண்டாவது நாளே சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போக, பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டானாம். சோதித்தோம், அவனுக்கும் குறைபாடு. விவாக்ஸ் என்ற வகை மலேரியா திரும்ப வராமல் இருக்கக் கொடுக்கிற பிரைமாகுயினாகத்தான் அது இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

இப்போது அம்மாவின் கவலை வேறு. பிள்ளை பிறந்த அன்றே அவனுக்கு மாமன் மகள் தயார் என்று பேசி முடித்துவிட்டார்கள். அண்ணன் மகளுக்கு அப்பாவின் குறையுள்ள எக்ஸ் வந்தே தீரும். இவர்கள் இருவரும் கட்டிக்கொண்டால், பிறக்கும் பெண் குழந்தைக்கும் இரண்டு எக்ஸிலும் குறை இருந்து முழுக் குறைபாடு வர ஒவ்வொரு முறையும் சரிபாதி வாய்ப்பு. இதை ஒரு தாளில் படம் போட்டு அம்மாவுக்கு விளக்கினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்போ வெளியிலயே பொண்ணு பாரு" என்றாள். பையனுக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை.