முக்காலி

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் ஒன்பது வருஷம் நின்றேன். வேலை பார்த்தேன் என்பதைவிட நின்றேன் என்பதுதான் சரி. காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இறங்க இரவு பத்தாகும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் அதற்கும் மேலே. கூட்டமில்லாத மதியத்தில் அலமாரியில் லேசாகச் சாய்ந்தாலும் கேமராவில் பார்த்துவிடுவார்கள். எனக்கு ஒரு தடவை ஐம்பது ரூபாய் பிடித்தார்கள்.

ராத்திரி ஹாஸ்டலில் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்தால் வீக்கம் கொஞ்சம் வடியும். பன்னிரண்டு பேர் அறை, சுவர் முழுக்கக் கால்கள். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட அக்கா ஒருத்தர் ஊருக்கே போய்விட்டார். பாத்ரூமுக்கு அனுமதி கேட்கக் கூச்சப்பட்டு நாங்கள் தண்ணீரைக் குறைத்துக்கொண்டோம். ஆண்கள் டீக்கடைக்குப் போய் வருவார்கள். நாங்கள் வாசலைத் தாண்ட எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்டால், உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்பார்கள்.

கோழிக்கோட்டில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் உட்காரும் உரிமை கேட்டு வருஷக்கணக்கில் போராடி, 2018-ல் கேரளத்தில் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். 2021 செப்டம்பரில் நம் சட்டசபையும் 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர் எல்லோருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க நிற்க வைக்கக் கூடாது. அவ்வளவுதான். இதைச் சொல்ல 74 வருஷம். ஹாஸ்டல் கேட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, அது தனிக் கதை.

எங்கள் தளத்துக்கு மூன்று நீல பிளாஸ்டிக் முக்காலிகள் வந்தன, பதினெட்டு பேருக்கு. ஒரு வாரம் யாரும் தொடவில்லை. முதலில் உட்கார்ந்தவள் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். அப்போது நான்தான் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பு. "ஏய், எழுந்திருடி, சார் வந்துடப் போறார்!" என்று என் வாய்தான் கத்தியது.

"கஸ்டமர் யாரும் இல்லையேக்கா" என்றாள். எழுந்திருக்கவில்லை.

சாரும் வரவில்லை. எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது, ஏனென்று அப்போது புரியவில்லை. நான் ஒன்பது வருஷம் நின்றேனே, இவளுக்கு மூன்றாம் நாளிலேயே நாற்காலியா என்றிருந்திருக்கும்.

சாயங்காலம் இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். திருட்டு வேலை செய்வதுபோல் நெஞ்சு அடித்துக்கொண்டது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், பக்கத்தில் கிடந்த சேலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.