கோவைக்கு இன்னோர் அணி: நான் கொடுத்த பதில்

“எத்தனை வருசத்துக்குங்க அம்மிணி இது நம்ம கையக் கடிக்கும்?” என்று மில் முதலாளியான பெரியவர் கேட்டதற்கு, “கடிக்காத வருசம்னு ஒண்ணு வரும்னு என்னால எழுதிக் குடுக்க முடியாதுங்க ஐயா” என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே நான் எழுதிக் கொடுத்த அறிக்கையை மூடி மருமகன் பக்கம் தள்ளிவிட்டு, எல்லோருக்கும் காபி கொண்டுவரச் சொன்னார். கோவையில் தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கும் யோசனை அந்த மேசையில் அவ்வளவோடு முடிந்தது. ஸ்பின்னிங் மில்லுக்கும் ஃபவுண்டரிக்கும் காற்றாலைக்கும் திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவளுக்கு, வேண்டாத முதலீட்டிலிருந்து ஒருவரைத் தடுத்து நிறுத்துவது வேலையின் ஒரு பகுதி. அந்த வகையில் அது நல்ல பதில்தான். ஆனாலும் அந்த வாக்கியத்தை இன்னும் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். அது உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் கேட்க வந்தது அதைத்தானா என்பது தெளியவில்லை.

அது 2023. அப்போது நாட்டின் இரண்டாம் நிலைத் தொழில்முறைக் கால்பந்துப் போட்டியாக இருந்த ஐ-லீக்கில் நேரடியாகச் சேர விரும்பும் நிறுவனங்களிடம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு விண்ணப்பம் கேட்டிருந்த சமயம். சென்னை சிட்டி எஃப்சி கோவையில் ஆடி 2018-19 சீசனின் ஐ-லீக் பட்டத்தை வென்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன; அது ஐ-லீக்கில் கடைசியாக ஆடிய 2020-21 சீசன் முடிந்து இரண்டு ஆண்டுகள். அந்தக் கடைசி சீசனும் கொரோனாக் கட்டுப்பாடுகளால் முழுக்க மேற்கு வங்கத்திலேயே நடந்ததால், உள்ளூர்க்காரர்களால் தங்கள் அணியை வழியனுப்பக்கூட முடியாமல் போயிற்று. சென்னையில் முதல் நிலைப் போட்டியான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பட்டத்தை இருமுறை வென்ற சென்னையின் எஃப்சி இருக்க, மேற்கு மாவட்டங்கள் தனியாக ஓர் அணியைத் தாங்குமா என்ற கேள்விக்கு ஏற்கெனவே ஒருமுறை விடை கிடைத்துவிட்டது என்று என் மேலதிகாரி கருதினார். நானும் ஏறக்குறைய அப்படித்தான் கருதினேன்.

அறிக்கையின் உள்ளடக்கத்தை இன்று எடுத்துப் படித்தாலும் மாற்றத் தோன்றவில்லை. ஒரு கால்பந்து அணிக்குப் பணம் வருவது தொலைக்காட்சி உரிமையாலும் விளம்பரதாரராலும் நுழைவுச்சீட்டாலும் வீரர்களை வேறு அணிக்கு மாற்றிக்கொடுப்பதாலும்தான். ஐ-லீக் அணி ஒன்று தொலைக்காட்சிப் பணத்தை நம்பி வரவுசெலவு போட வழியே இல்லை. விளம்பரதாரர் என்று சட்டையில் பெயர் போட்டுக்கொள்பவர் பெரும்பாலும் உரிமையாளரின் சொந்த நிறுவனமாகவே இருப்பார். அந்தத் தொகை இடது பையிலிருந்து வலது பைக்குப் போவதுதான். செலவோ உறுதியானது. ஐஸ்வால், ஷில்லாங், இம்பால், ஸ்ரீநகர் என்று நாட்டின் வடக்கு, வடகிழக்குக் கோடிகளுக்கு, கோவையிலிருந்து நேர் விமானம் இல்லாத ஊர்களுக்கு, இருபது முப்பது பேரை அவர்களுடைய மூட்டை முடிச்சுகளோடு கொண்டுபோய்த் திரும்ப அழைத்துவர வேண்டும். வெளிநாட்டு வீரர்களின் சம்பளம், பயிற்சியாளர், பிசியோ, உரிமம் பெறுவதற்காகக் கட்டாயம் நடத்த வேண்டிய இளையோர் அணிகள் எல்லாம் அதற்கு மேல். நேரு ஸ்டேடியம் மாநகராட்சிக்குச் சொந்தமானது. காலரிக்குக் கீழே உள்ள கடைகளின் வாடகை அணிக்கு வரப்போவதில்லை. ஆடுகளத்தைச் சுற்றித் தடகள ஓட்டப்பாதை கிடப்பதால், டிக்கெட் விலையை ஏற்றும் அளவுக்குப் பார்வையாளரைப் பந்துக்கு அருகில் உட்கார வைக்கவும் முடியாது. இந்தப் பக்கங்களை எழுதும்போது எனக்கு ஒரு தொழில் திருப்தி இருந்ததை மறைக்க விரும்பவில்லை. எந்த எண்ணைத் தட்டினாலும் அது அசையாமல் நின்றது.

அசைந்த இடம் ஒன்று இருந்தது, அதையும் எழுதியிருந்தேன். சென்னை சிட்டி பட்டம் வென்ற 2019-ல், ஐ-லீக்கில் முதலிடம் பெற்றவருக்கு ஐ.எஸ்.எல்.லுக்குப் போகும் வழி கிடையாது. நாட்டின் சாம்பியன்களில் ஒருவராகிவிட்டு, அடுத்த ஆண்டும் அதே படியில்தான் நிற்க வேண்டும். அந்த வழி திறந்தது 2022-23 சீசனில். பஞ்சாப் அணி வென்று மேலே ஏறியது. அதாவது கோவை ஓர் அணியைத் தாங்கவில்லை என்று நாங்கள் வைத்திருந்த ஒரே சான்று, ஏணியே இல்லாத காலத்துச் சான்று. இதை நான் மூன்று வரியில் குறிப்பிட்டேன். மூன்று வரி போதுமா என்று கேட்டால், இன்று வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ. ஆனால் மேலே ஏறியவரின் செலவு பல மடங்காகும் என்பதும் உண்மை. அதையும் சேர்த்து எழுதினால் மூன்று வரி முப்பதாகி, முடிவு முன்னைவிட உறுதியாகியிருக்கும்.

2019 மார்ச் 9 அன்று நடந்த, சென்னை சிட்டி பட்டம் வென்ற அந்த சீசனின் கடைசி ஆட்டத்தை நான் நேரில் பார்த்தேன். ஈஸ்ட் பெங்கால் ஒரே புள்ளி பின்னால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் எங்கள் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டார். என் பக்கத்தில் பேரனுக்குத் துணையாக வந்திருந்த ஓர் அம்மா, முறுக்குப் பொட்டலத்தை மடியிலிருந்து கீழே நழுவவிட்டதுகூடத் தெரியாமல் எழுந்து நின்றவர், ஆட்டம் முடியும் வரை உட்காரவே இல்லை. ஊர் தாங்குமா என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா என்று அன்று என்னிடம் கேட்டிருந்தால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அன்று என் கையில் இருந்த டிக்கெட் அலுவலகத்தில் யாரோ கொடுத்தது. நான் காசு கொடுத்து வாங்கவில்லை. அந்த சீசனில் வேறு எந்த ஆட்டத்துக்கும் போகவும் இல்லை. அறிக்கை எழுதும்போது என்னையே ஒரு மாதிரியாக வைத்துப் பார்த்தேன் என்பதுதான் உண்மை. என்னைப் போன்றவர்களை நம்பி ஒருவர் கோடிகளைப் போட வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காபி வருவதற்கு முன் பெரியவர் அறிக்கையின் பின்னிணைப்பைத் திருப்பி, கோவா பற்றிய பக்கத்தில் நின்றார். அவ்வளவு சிறிய மாநிலத்தில் டெம்போ, சல்காவ்கர், சர்ச்சில் பிரதர்ஸ், ஸ்போர்டிங் கிளப் என்று ஒரே சமயத்தில் நான்கு அணிகள் ஐ-லீக்கில் ஆடியிருக்கின்றன. டெம்போ மட்டும் ஐந்து முறை தேசியப் பட்டம் வென்றது. “இதுல சுரங்கக்காரங்க ரெண்டு குடும்பமுங்களா? அவங்க கணக்குப் பாத்தா நடத்துனாங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த சாய்வு எனக்குப் புரியாமல் இல்லை. “கணக்குப் பாக்கலைங்க. ஆனா 2016-ல டெம்போ, சல்காவ்கர், ஸ்போர்டிங் மூணு பேரும் ஐ-லீக்ல இருந்து வெளிய வந்துட்டாங்க” என்றேன். புதிய அமைப்பில் ஐ-லீக்கை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறார்கள் என்ற எதிர்ப்பில் அவர்கள் வெளியேறினார்கள் என்பதையும் சொன்னேன். அவர் முன்பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது. நான் சொன்ன வரிசை அப்படி என்றும் வைத்துக்கொள்ளலாம். கேட்பவர் எதைப் பிடித்துக்கொள்வார் என்பதற்கு நான் பொறுப்பேற்க முடியாது என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன்.

அவர் நடத்தும் மில்லின் பழைய கணக்குகள் எனக்குத் தெரியும் என்பதுதான் இதில் சங்கடம். பஞ்சு விலை ஏறி நூல் விலை இறங்கிய ஆண்டுகளில் கதிர்களை ஓட்டினாலும் நட்டம், நிறுத்தினாலும் நட்டம் என்று இருந்தபோது, ஆளை நிறுத்தக் கூடாது என்பதற்காகவே அவர் ஓட்டியிருக்கிறார். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அவர் கொடுத்தது எவ்வளவு என்பதும், அதற்கு யாரிடமும் அறிக்கை கேட்கவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. அப்படிப்பட்டவர் ‘எத்தனை வருசம்’ என்று கேட்டபோது, நட்டத்துக்கு ஒரு முடிவு இருக்கிறதா என்று கேட்டாரா, அல்லது எவ்வளவு காலத்துக்கு மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டாரா? இரண்டாவதாக இருந்தால் என் பதில் அவரைத் தடுத்திருக்காது என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தின் முத்திரையோடு, நாற்பது பக்கத் தாளில், கழித்தல் குறி போட்டு எழுதிய பிறகு அதே மனிதர் தர்மம் என்று நினைத்துச் செய்ய முடியுமா என்று மறுபக்கம் தோன்றுகிறது. தர்மம் என்று எடுத்துக்கொண்டால் மட்டும் அணி நிலைக்குமா என்பது தனி. ஒருவர் மனம் மாறினால் அல்லது ஒருவர் காலம் முடிந்தால் மூடப்படும் அணியை ஊரின் அணி என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு மருமகன் ஒரு பயிற்சியாளரையும் அழைத்திருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையும் மாலையும் பயிற்சி கொடுப்பவர், எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் அவர் வாயே திறக்கவில்லை. வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, “கணக்குல தப்பில்லைங்க மேடம். ஆனா நம்ம பசங்களுக்குப் பதினெட்டு வயசுக்கு மேல இங்க என்ன இருக்குன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கலாமுங்க” என்றார். வங்கிக்குப் போகும் எந்தத் திட்ட அறிக்கையிலும் வேலைவாய்ப்பு என்று ஒரு வரி உண்டு, இதிலும் இருந்தது. வீரர்கள், பயிற்சியாளர்கள், ஊழியர்கள் என்று தலைகளை எண்ணிப் போட்டிருந்தேன். அவர் கேட்டது அந்த எண்ணிக்கையை அல்ல என்பது லிஃப்ட் கீழே போகும் முன்பே எனக்குத் தெரிந்தது. கன்னியாகுமரிக் கடற்கரையில் இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் ஆடித்தான் நாட்டின் கண்ணில் பட்டார்; அங்கிருந்து ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா அணிகளுக்கும் இந்திய அணிக்கும் போனார். பட்டம் வென்ற அணியில் இருந்த எட்வின் வான்ஸ்பால் அதே 2019-ல் சென்னையின் எஃப்சிக்குப் போனார். அணி இல்லாவிட்டால் இவர்கள் எங்கே இருந்திருப்பார்கள் என்பதை எந்தப் பத்தியில் எழுதுவது? எழுதினாலும் அது பெரியவரின் வரவுப் பக்கத்தில் சேராது என்று மாஸ்டரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா, பேச்சை முடித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை என்னை ஒரு பக்கமாக நிற்க விடவில்லை. நாங்கள் விலகிய அதே விண்ணப்பத்தில் வாரணாசியின் பெயரில் இண்டர் காசி உள்ளே போயிற்று. சொந்த ஊரில் தகுந்த மைதானம் இல்லாமல் வங்காளத்தின் கல்யாணியில் ஆடியது. ஊரே பார்க்காத ஊர் அணி என்று நான் அலுவலகத்தில் கேலி செய்தேன். அது 2024-25 பட்டத்தை, சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய்ப் பெற்று, ஐ.எஸ்.எல்.லுக்கும் ஏறிவிட்டது. 2021-22-ல் ஐ.எஸ்.எல். சாம்பியனான ஹைதராபாத் எஃப்சி, சம்பளப் பாக்கியில் வீரர்களை இழந்து, கைமாறி, 2025-ல் டெல்லிக்கே போய்விட்டது. பட்டத்தாலும் கூட்டத்தாலும் ஓர் அணி ஊரில் தங்கிவிடாது என்ற என் கருத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் 2024-ல் கேரளத்தில் ஆறு நகரங்களுக்கு ஆறு அணிகள் என்று சூப்பர் லீக் கேரளா தொடங்கி, இறுதிப் போட்டியில் கோழிக்கோட்டு மைதானம் நிறைந்தது. கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ், கோழிக்கோட்டில் கோகுலம் என்று பெரிய அணிகள் இருக்கும்போதே இது. மஞ்சேரியும் திருச்சூரும் எங்களுக்கு ஒன்றும் அயல்நாடு அல்ல. கோவையிலிருந்து சென்னையைவிடக் கொச்சி பாதித் தொலைவுகூட இல்லை, எங்கள் உக்கடத்திலும் குனியமுத்தூரிலும் பையன்கள் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டைதான் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து ஆட்டத்துக்குத் தலைமுறைகளாகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய பழக்கம் அங்கே உண்டு, இங்கே இல்லை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பழக்கம் ஆட்டம் நடந்ததால்தானே வந்தது என்று உடனே இன்னொரு குரல் கேட்கிறது.

2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லின் அடுத்த சீசனே நிறுத்தி வைக்கப்பட்டபோது மருமகன் எனக்குச் செய்தி அனுப்பினார்: “நல்லவேளை, தப்பிச்சோம்.” நன்றி என்று பதில் போட்டேன். சில மாதங்கள் கழித்து அவரே அழைத்து, பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தங்கிப் பயிலும் அகாடமி ஒன்றுக்குச் செலவு எவ்வளவு ஆகும் என்று மாமா கேட்கிறார், மாஸ்டர் ஓர் இடம் பார்த்திருக்கிறார் என்றார். மதுரை வட்டாரத்துச் சேது எஃப்சி ஒரு கல்லூரியின் ஆதரவில் நின்று, சென்னை சிட்டி வென்ற அதே 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றதைச் சொல்லி, கல்வி நிறுவனம் ஒன்றோடு சேர்த்துச் செய்தால் விடுதிச் செலவாவது குறையும் என்றேன். இந்த முறை வருவாய் என்ற வரிசையையே விட்டுவிட்டு, செலவையும், எத்தனை பிள்ளைகள் என்பதையும் மட்டும் எழுதித் தரட்டுமா என்றும் கேட்டேன். ஐயா ஒத்துக்கொள்வார், ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார், அந்த வரிசை இருக்கட்டும், சுழி போட்டு வையுங்கள் என்றார்.