கைப்பட்டையில் இருக்கும் பெயர்

"அம்மா, நீ என்கிட்ட பேஷண்ட்கிட்ட பேசுற மாதிரியே பேசுற."

என் மகள் இதைச் சொன்னபோது அவளுக்கு 10 வயது. தோழியோடு சண்டை போட்டுவிட்டு அழுதுகொண்டே வந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "இது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்னு புரியுது" என்றேன். பயிற்சிக் காலத்தில் கற்றுக்கொண்ட வாக்கியம். எத்தனை கட்டில்களின் ஓரத்தில் நின்று சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். அப்புறம்தான் அந்த வார்த்தை வந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அவள் வருத்தமாகச் சொன்னாள்.

நான் செவிலியர். 20 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் 9 ஆண்டுகள் ஐசியூ, அதன் பிறகு இன்றுவரை பாலியேட்டிவ் பிரிவு. அதாவது, நோயைக் குணப்படுத்த முடியாத கட்டத்திலும் வலியைக் குறைத்து, கூடவே இருக்கும் பிரிவு.

அந்தக் குரல் ஐசியூவில் வந்தது. மானிட்டர் அலறும்போது செவிலியரின் குரல் நடுங்கினால், கதவுக்கு வெளியே நிற்கும் குடும்பத்தின் கால்கள் தளர்ந்துவிடும். அதனால் நடுங்காத குரல் ஒன்றை வளர்த்துக்கொண்டேன். அது தேவையான குரல்தான், அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் சீருடையைக் கழற்றி லாக்கரில் வைப்பதுபோல அந்தக் குரலையும் கழற்றி வைப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை.

ஆர்லி ஹாக்சைல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து 1983-இல் எழுதியபோது இதற்கு ஒரு பெயர் வைத்தார்: உணர்ச்சி உழைப்பு. மனதில் இல்லாத சிரிப்பை முகத்தில் மட்டும் வரவழைப்பது ஒரு வகை. உள்ளுக்குள்ளேயே அந்த உணர்ச்சியை முயன்று உண்டாக்கிக்கொள்வது இன்னொரு வகை. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் ஆளை அதிகம் தின்னும். முதலாவதில் நடிக்கிறோம் என்றாவது நமக்குத் தெரிந்திருக்கும்.

மகள் அப்படிச் சொல்வதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் என் அம்மா இறந்திருந்தார். அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

கடைசி மாதம் அம்மா வீட்டில்தான் இருந்தார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். போன அன்றே ஒரு நோட்டில் கோடு போட்டு அட்டவணை தயாரித்தேன். எத்தனை மணிக்கு மார்ஃபின், எத்தனை மில்லி, மலச்சிக்கலுக்கான மருந்து கொடுத்தாயிற்றா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. எல்லாம் சரியாக நடந்தது. அம்மாவுக்கு வலி கட்டுக்குள் இருந்தது, முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. அக்காதான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மாலை அம்மா என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் வந்து உட்காரு, சேர்ந்து வேண்டிக்கலாம்" என்றார். "மருந்து நேரம்மா, முடிச்சுட்டு வரேன்" என்றேன். அக்கா என்னைப் பார்த்து, "நர்ஸ் வேலையை நான் பாத்துக்கறேன், நீ மகளா கொஞ்ச நேரம் உட்காரேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் இல்லாவிட்டால் இங்கே எதுவும் நடக்காது என்று முணுமுணுத்தபடி மருந்தை அளந்தேன். திரும்பி வந்தபோது அம்மா தூங்கியிருந்தார். அதற்குப் பிறகு தெளிவாகப் பேசும் நேரம் அவருக்கு வரவே இல்லை.

அம்மாவின் வேண்டுதலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அதில் எதையும் கேட்கமாட்டார். முழுக்கப் பெயர்கள்தான். கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் உள்ளவர்கள், உறவுக்காரர்கள், அக்கம்பக்கத்தார், உடம்பு சரியில்லாதவர்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்வார். யாரோடாவது மனத்தாங்கல் என்றால் அந்தப் பெயர் சற்று மெதுவாக வரும், ஆனால் விட்டுப்போகாது. சின்ன வயதில் என் பெயர் வரும்வரை காத்திருந்து, வந்ததும் தூங்கிப்போவேன்.

அம்மா போன பிறகு என்னால் அதைச் செய்ய முடியவில்லை. நம்பிக்கை போய்விட்டது என்றுகூடச் சொல்லமுடியாது. கண்ணை மூடினால் அந்த மருந்து அளவைதான் தெரிந்தது.

வேலைக்குத் திரும்பினேன். எங்கள் துறையே சிசிலி சாண்டர்ஸ் என்ற ஒருவரின் வாழ்க்கையிலிருந்து கிளைத்தது. செவிலியராகத் தொடங்கி, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவம் படித்து மருத்துவரானவர். 1967-இல் லண்டனில், இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். இறக்கும் மனிதரின் வலி உடம்போடு நிற்பதில்லை, மனம், குடும்பம், ஆன்மிகம் எல்லாம் சேர்ந்த 'முழு வலி' அது என்று சொன்னவர் அவர். நான் இதைப் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன், புதிதாக வரும் செவிலியர்களுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். நோயாளியைச் சேர்க்கும் படிவத்தில் ஆன்மிகத் தேவைகள் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நோயாளியின் மதத்தை எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

அப்படி நான் எழுதிய கட்டங்களில் ஒன்றில் 'எதுவும் இல்லை' என்று இருந்தது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒரு நைட் ஷிஃப்டில், மூன்று மணி தாண்டியிருக்கும், மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் அவருடைய சிரிஞ்ச் பம்ப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சிஸ்டர், நீங்க கடவுளை நம்புறீங்களா?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் தயாராக ஒரு பதில் உண்டு. கேள்வியை மெதுவாக அவர் பக்கமே திருப்பிவிட வேண்டும். "ஏன் ஐயா, இப்போ அதைப் பத்தி யோசிச்சிட்டு இருக்கீங்களா?" என்றேன்.

"நான் கேட்டது உங்களைப் பத்தி."

பம்ப்பிலிருந்து கையை எடுத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நம்பிக்கிட்டுதான் இருந்தேன் ஐயா. எங்கம்மா போனதுக்கு அப்புறம் வேண்டிக்க முடியலை. இப்போ என்னன்னு எனக்கே தெரியலை" என்றேன். குரல் நடுங்கியது. 20 ஆண்டில் ஒரு நோயாளியின் முன்னால் அது நடுங்கியது அன்றுதான்.

அவர் என்னைத் தேற்றவில்லை. விவாதிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நேரா சொன்னீங்க" என்றார். பிறகு, இரண்டு வாரத்தில் எங்களில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவருக்கு ஒரு மகன் இருக்கிறான், பேசி 8 ஆண்டுகள் ஆகின்றன. தவறு தன்மீதுதான் என்பது முதல் ஆண்டிலேயே அவருக்குத் தெரியும். அவருடைய வலி மாத்திரைக்கும் ஊசிக்கும் ஏன் முழுதாக அடங்கவில்லை என்பது எனக்கு அப்போது புரிந்த மாதிரி இருந்தது. விடிந்ததும் எங்கள் சமூகப் பணியாளரிடம் சொன்னேன். மகன் வந்தார். அறைக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இதைப் படிக்கும் இளம் செவிலியர்கள், நோயாளியிடம் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உலகச் செவிலியர் மன்றம் 1953 முதல் வைத்திருக்கும் நெறிமுறை, நோயாளியின் ஆன்மிக நம்பிக்கைகளை மதிக்கச் சொல்கிறது. அதன் காரணம் எனக்கு நேரிலேயே தெரியும். பல ஆண்டுகளுக்கு முன், உடன் வேலை செய்த ஒருவர் ஒரு நோயாளியிடம், "இன்னும் உறுதியா நம்பியிருந்தா உங்களுக்குக் குணமாகியிருக்கும்" என்றார். அவர் மனதார நம்பியதைத்தான் சொன்னார். அந்த அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அங்கேயே நின்றிருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அந்தக் கணித ஆசிரியர் கேட்டார், அதனால் சொன்னேன். கேட்ட அளவுக்குத்தான் சொன்னேன். கேட்காமல் இருந்திருந்தால் பம்ப்பைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன், அதுவும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

அந்த இரவுக்குப் பிறகு நடந்த இன்னொன்று சின்ன விஷயம். எனக்கு அது பெரியது.

மருந்து கொடுக்கும் முன் நோயாளி யார் என்பதைக் குறைந்தது இரண்டு அடையாளங்களால் உறுதிசெய்ய வேண்டும், அறை எண் அதில் சேராது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வழிகாட்டியது. பெயர், பிறந்த தேதி இரண்டையும் கேட்போம். பேச முடியாதவர் என்றால் மணிக்கட்டில் கட்டியிருக்கும், பெயர் எழுதிய கைப்பட்டையைப் பார்ப்போம். இரவில் சின்ன டார்ச்சை உள்ளங்கையால் பாதி மறைத்துக்கொண்டு, தூங்குபவரின் மணிக்கட்டை மெல்லத் திருப்பி, பெயரை வாய்க்குள்ளே படிப்பேன். எத்தனையோ ஆண்டுகளாகச் செய்வதுதான். ஆசிரியர் இறந்து சில நாள் கழித்து, அப்படி நான்காவது கட்டிலில் பெயரைப் படித்தபோது, அது அம்மாவின் குரலின் தாளத்தில் வருவதைக் கவனித்தேன். ஒரு பெயர், கொஞ்சம் நிறுத்தம், அடுத்த பெயர். டார்ச்சை அணைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றேன். அப்புறம் ஐந்தாவது கட்டிலுக்குப் போனேன்.

இப்போதெல்லாம் டியூட்டி இல்லாத இரவுகளில் மகளோடு உட்கார்ந்து பெயர்கள் சொல்கிறேன். அவளுக்கு 12 வயதாகிறது. முதல் நாள், "பாட்டி மாதிரி சொல்லணும்னு ஆசையா இருக்கு, வரலைன்னா பாதியில நிறுத்திடுவேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். வீட்டிலுள்ளவர்கள், அக்கா, அக்கா பிள்ளைகள், அவளுடைய தோழிகள். நோயாளிகளின் பெயர்களை வீட்டில் வெளியே சொல்லக்கூடாது என்பதால், அந்த இடம் வரும்போது வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் சொல்லுவேன்.

"அந்த இடத்துல யாரும்மா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"வேலையில இருக்கிறவங்க. பேர் சொல்லக்கூடாது."

அவள் சரி என்று தலையாட்டினாள். போன வாரம் அவளாகவே, "இன்னிக்கு நான் சொல்றேன்" என்றாள். வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்தினாள். நான் சொல்வதற்கு ஆகும் நேரம் அவ்வளவும் பொறுத்திருந்து, பிறகு அடுத்த பெயரைச் சொன்னாள்.